யாரைக் கேட்டுத் தோண்டினீர்கள்?

கெய்ன்ஸ்தோர்ப், லிங்கன்ஷயர்
4 மே 1996

மதிப்பிற்குரிய மிஸ் ப்ரோசர்,

என்னை உங்களுக்குத் தெரியாது. பெயர் நெவில் ஸ்கெல்டன். பஸ் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். வாரக்கடைசியில் மெட்டல் டிடெக்டரை எடுத்துக்கொண்டு வெட்டவெளியில் சுற்றுவது என் பொழுதுபோக்கு. பழைய காசு, பொத்தான், குதிரை லாடம் எல்லாம் கிடைக்கும். அதைவிட அதிகமாக பீர் பாட்டில் மூடி கிடைக்கும்.

போன மாதம் எங்கள் பக்கத்துப் புதர்வெளி ஒன்றில் கருவி ஓயாமல் கத்தியது. தோண்டினேன். நசுங்கிய அலுமினியத் தகடுகள், தோட்டாக்கள், நடுவே இந்தக் கைச்சங்கிலி. கழுவிப் பார்த்தால் எம்ரிஸ் ப்ரோசர் என்ற பெயரும் ஒரு விமானப்படை எண்ணும் இருந்தன. வீரர்கள் சங்கத்துக்கு எழுதி விசாரித்தேன். 1943இல் குண்டுவீச்சை முடித்துத் திரும்பும்போது விழுந்த விமானத்தில் வயர்லெஸ் ஆளாக இருந்தவர், இரண்டு பேர் உடல் கிடைக்கவேயில்லை, அதில் இவர் ஒருவர், தங்கை வேல்ஸில் உயிரோடு இருக்கிறார் என்று பதில் வந்தது.

இதற்கெல்லாம் விலை கொடுக்க ஆள் இருக்கிறது. எனக்கு மனசு வரவில்லை. உங்களிடமே இருக்கட்டும் என்று அனுப்பியிருக்கிறேன். இடத்தின் பெயரை மட்டும் எழுதவில்லை, தவறாக நினைக்காதீர்கள். வெளியே தெரிந்தால் ஆளாளுக்குக் கருவியோடு வந்து நிற்பார்கள். இன்னும் ஏதாவது அகப்பட்டால் கட்டாயம் அனுப்புகிறேன்.

உங்கள் முகத்தில் வரும் சந்தோஷத்தை நேரில் பார்க்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

இப்படிக்கு,
நெவில் ஸ்கெல்டன்


சேப்பல் தெரு, லான்கோய்த், வேல்ஸ்
9 மே 1996

திரு. ஸ்கெல்டன்,

சங்கிலி வந்தது. "பரிசாம்மா?" என்று கேட்டுச் சிரித்தபடி தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். வாசலிலேயே பிரித்தேன்.

இது என் அண்ணனின் மணிக்கட்டில் இருந்தது. நீங்கள் சங்கிலியை அனுப்பியிருக்கிறீர்கள். மணிக்கட்டு எங்கே?

"கழுவிப் பார்த்தேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். என்னத்தைக் கழுவினீர்கள் என்று யோசித்தீர்களா? இன்னும் அகப்பட்டால் அனுப்புவீர்களாம். எதை அனுப்புவீர்கள்? எந்த உறையில் போட்டு அனுப்புவீர்கள்?

அது எந்த இடம்? யாரைக் கேட்டுத் தோண்டினீர்கள்? இரண்டுக்கும் பதில் வேண்டும்.

ஐர்லிஸ் ப்ரோசர்


கெய்ன்ஸ்தோர்ப்
15 மே 1996

அன்புள்ள மிஸ் ப்ரோசர்,

உங்கள் கடிதத்தை என் மனைவி டோரின் படித்துவிட்டு, "நல்லது செய்யப் போனதுக்கு இதுதான் மரியாதையா?" என்று கேட்டாள். எனக்கும் அதே கேள்விதான்.

எலும்பு ஒன்றும் இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன். அது அமிலம் ஏறிய மணல். உலோகத்தை விட்டு வைக்கும், மற்றதைத் தின்றுவிடும். இருந்திருந்தால் நான் அப்படியே நிறுத்தியிருப்பேன். நான் மிருகம் இல்லை.

யாரைக் கேட்டேன் என்கிறீர்கள். கேட்டேன். மாவட்ட அலுவலகத்துக்கு போன் பண்ணினேன். ஒரு பெண் எடுத்து, "அது திறந்த வெளிதானே சார், எங்க வேணும்னாலும் நடக்கலாம். நாயைக் கயித்துல புடிச்சுக்கங்க" என்றாள். இதற்கு மேல் யாரைக் கேட்பது? மகாராணியையா? அது பொது நிலம். நாய்களோடு வருகிறார்கள், குழந்தைகள் பட்டம் விடுகிறார்கள், வரி கட்டும் நானும் போகிறேன். ஐம்பது வருடமாக உங்கள் அண்ணனை யாரும் தேடவில்லை. நான்தான் கண்டுபிடித்தேன். அதற்குத் திட்டு வாங்குகிறேன்.

நெவில் ஸ்கெல்டன்


லான்கோய்த்
21 மே 1996

திரு. ஸ்கெல்டன்,

நான் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஒரு கேள்வியை எப்படிக் கேட்டால் எந்தப் பதில் வரும் என்பது எனக்குத் தெரியும். அந்தப் பெண்ணிடம் "நடக்கலாமா" என்று கேட்டீர்கள். "நடக்கலாம்" என்றாள். மண்வெட்டி என்ற சொல்லை வாயைத் திறந்து சொன்னீர்களா?

நீங்கள் கேட்காததை நான் கேட்டேன். எங்கள் ஊர் நூலகத்துக்குப் போனேன், லண்டனில் பாதுகாப்பு அமைச்சகத்துக்கு போன் செய்தேன். பொது நிலம் என்றால் ஆளில்லாத நிலம் என்று அர்த்தம் இல்லையாம். அதற்கும் ஒரு சொந்தக்காரர் உண்டு, ஊராட்சியோ மாவட்டமோ வேறு யாரோ. ஒவ்வொருவரும் தனித்தனி விதி வைத்திருக்கிறார்கள். ஒரு ஊரில் கடற்கரையில் கருவியோடு போகலாம், பூங்காவில் கூடாது. அடுத்த ஊரில் எங்கேயும் கூடாது. எழுதிக் கேட்க வேண்டும், எழுத்தில் பதில் வாங்க வேண்டும். போர் விமானம் விழுந்த இடம் என்றால் கதையே வேறு. அமைச்சகத்தின் உரிமம் இல்லாமல் ஒரு ஆணியைக்கூட எடுக்கக் கூடாது. சட்டம் வந்து பத்து வருடம் ஆகிறது. இதையெல்லாம் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு காலைப்பொழுது போதுமானதாக இருந்தது.

முதல் அலுமினியத் தகட்டைப் பார்த்ததும் அது பீர் பாட்டில் மூடி இல்லை என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். அப்போதும் தோண்டினீர்கள். எம்ரிஸை யாரும் தேடவில்லை என்று எனக்கே எழுதுகிறீர்கள். எங்கள் அம்மா சாகும்வரை அமைச்சகத்துக்கு எழுதிக்கொண்டிருந்தாள்.

இடத்தின் பெயரைச் சொல்லுங்கள். மற்றதை முறைப்படி செய்கிறவர்கள் செய்வார்கள்.

ஐர்லிஸ் ப்ரோசர்


கெய்ன்ஸ்தோர்ப்
28 மே 1996

மிஸ் ப்ரோசர்,

இடத்தைச் சொன்னால் என்ன நடக்கும் என்பதையும் அந்த நூலகத்தில் கேட்டீர்களா? நான் கோர்ட்டில் நிற்க வேண்டும். இந்த வயதில், பேரப்பிள்ளைகள் பார்க்க. என் கையெழுத்தை நானே போட்டு உங்கள் கையில் கொடுக்கச் சொல்கிறீர்கள். மாட்டேன்.

சட்டம் பேசுகிறீர்களே, உங்களுக்கும் ஒன்று சொல்கிறேன். அந்தச் சட்டப்படி அந்தச் சங்கிலியும் அரசாங்கத்துடையது. உங்கள் மேசையில் அதை வைத்திருக்க உங்களுக்கு எந்த உரிமமும் கிடையாது. அவ்வளவு யோக்கியம் என்றால் போய் ஒப்படையுங்கள். மாட்டீர்கள். ஊருக்கு உபதேசம் செய்கிறவர்களை நிறையப் பார்த்தாயிற்று.

நெவில் ஸ்கெல்டன்


லான்கோய்த்
4 ஜூன் 1996

திரு. ஸ்கெல்டன்,

நீங்கள் சொன்னது சரி. நேற்று போலீஸ் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டேன். அனுப்பியவர் முகவரி ஒட்டிய உறையோடு.

ஐ. ப்ரோசர்


கெய்ன்ஸ்தோர்ப்
19 ஜூன் 1996

மிஸ் ப்ரோசர்,

திருப்திதானே?

வந்தார்கள். சனிக்கிழமை காலை, எதிர்வீட்டுக்காரர் கார் கழுவிக்கொண்டிருக்கும் நேரம் பார்த்து. டிடெக்டரை எடுத்துக்கொண்டார்கள், கொட்டகையில் இருந்த டப்பாக்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார்கள். என் பேத்தி வாசலில் நின்று, "தாத்தா என்ன திருடினாரு?" என்று கேட்கிறாள். அதற்கு நீங்கள் பதில் சொல்லுங்கள்.

நான் அவர்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. அந்தச் சங்கிலியைப் பழைய சாமான் சந்தையில் வாங்கினேன் என்று சொல்லிவிட்டேன். ஒரு பெட்டி நிறைய ஸ்பூன்களோடு கிடந்தது என்று. என் வக்கீல், "இடம் தெரியலேன்னா அவங்களால ஒண்ணும் நிரூபிக்க முடியாது. வாயை மூடிக்கிட்டு இருங்க" என்கிறார். மூடிக்கொண்டு இருப்பேன். உங்களிடம் என் கடிதங்கள் இருக்கின்றன என்பது தெரியும். கொடுப்பதென்றால் கொடுங்கள்.

இடம் இனி யாருக்கும் தெரியாது. இதைத்தான் நீங்கள் சாதித்தீர்கள்.

நெ. ஸ்கெல்டன்


லான்கோய்த்
1 ஜூலை 1996

திரு. ஸ்கெல்டன்,

என் அண்ணனை ஸ்பூன் பெட்டியில் வாங்கினதாகச் சொல்லியிருக்கிறீர்கள். எழுதும்போது உங்களுக்குக் கை கூசவில்லையா?

உங்கள் கடிதங்கள் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. நாளைக்கே கொடுக்கலாம். ஆனால் கொடுத்தால் நீங்கள் தோண்டினீர்கள் என்பதுதான் தெரியும், எங்கே என்பது தெரியாது. வழக்கு என்று வந்துவிட்டால் உங்கள் வக்கீல் உங்கள் வாயைத் தைத்தே விடுவார். உங்களை ஜெயிலில் பார்ப்பதால் எனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. எனக்கு இடம் வேண்டும். அதனால்தான் கொடுக்கவில்லை. இரக்கம் என்று நினைத்துவிடாதீர்கள்.

அந்தச் சங்கிலியை அவன் முதல் சம்பளத்தில் வாங்கினான். விடுமுறையில் வந்தபோது போட்டுக்கொண்டு வந்தான். அப்பா தேவாலயத்தில் மூப்பர். சாப்பாட்டு மேசையில் அதைப் பார்த்துவிட்டு, "என்னடா இது, பொம்பளப் புள்ள மாதிரி வளையல்?" என்றார். எம்ரிஸ் கொஞ்சமும் அசரவில்லை. "நான் எரிஞ்சு போனா அடையாளம் தெரியணும்ல, அப்பா. ஆள் மாறி யாரையாவது அடக்கம் பண்ணிட்டு நீங்க அழுதுகிட்டு இருந்தீங்கன்னா?" என்றான். எல்லாரும் சிரித்தோம். அப்பாவும் சிரித்தார். எனக்குப் பதின்மூன்று வயது. "போங்க மிஸ் ப்ரோசர், உருளைக்கிழங்கை இந்தப் பக்கம் தள்ளுங்க" என்று அவனைக் கேலி செய்தேன். அன்று மாலை ரயிலுக்குப் போனவன்தான்.

அடையாளம் தெரிய வேண்டும் என்று வாங்கியதை நீங்கள் அவனிடமிருந்து கழற்றிவிட்டீர்கள். அங்கே இப்போது என்ன மிச்சம் இருந்தாலும் அது யார் என்று எப்படிச் சொல்வது?

இதற்கு பதில் எழுத வேண்டாம். இடத்தை மட்டும் எழுதுங்கள்.

ஐர்லிஸ் ப்ரோசர்


கெய்ன்ஸ்தோர்ப்
22 ஜூலை 1996

மிஸ் ப்ரோசர்,

ஹார்ல்பி புதர்வெளி. வடக்குச் சரிவில், பிர்ச் மரங்கள் முடியும் இடம். போன வாரம் கான்ஸ்டபிளை அழைத்துக்கொண்டு போய்க் காட்டினேன்.

உங்கள் கடிதத்துக்காகக் காட்டினேன் என்று எண்ண வேண்டாம். அதைப் படித்தபிறகும் ஒரு வாரம் பேசாமல்தான் இருந்தேன். டோரின் பேசாமல் இருக்கவில்லை. "அந்தப் பையன் உன் தம்பியா இருந்தா?" என்று கேட்டுவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். அதற்கும் நான் அசையவில்லை.

ஞாயிறு காலை சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று ஹார்ல்பிக்குப் போனேன். நான் மூடி வைத்த இடத்துக்குப் பக்கத்தில் புதிதாகக் குழிகள். மூடக்கூட இல்லை. தகடுகளை இழுத்து வெளியே போட்டிருந்தார்கள். யார் வேலை என்று பார்த்ததும் தெரிந்துவிட்டது. எங்கள் டிடெக்டர் கிளப்பில் டெரிக்கிடம் மட்டும்தான் வாய் விட்டிருந்தேன். நேரே அவன் வீட்டுக்குப் போனேன். "எதுக்குடா தோண்டுன?" என்றேன். சிரிக்கிறான். "ஏன் நெவில், உனக்கு மட்டும் எழுதிக் குடுத்திருக்காங்களா? பொது நிலம்னு நீதானே சொன்ன?" என்றான்.

திரும்ப ஹார்ல்பிக்கே வந்து வண்டி நிறுத்துமிடத்தில் நின்றேன். அங்கே ஒரு மரப்பலகை இருக்கிறது. வருடக்கணக்காக அதில் சாய்ந்துதான் பூட்ஸ் மாட்டியிருக்கிறேன். அன்றைக்குத்தான் பாசியைச் சுரண்டிப் படித்தேன். அனுமதி இல்லாமல் மண்ணைக் கிளறக் கூடாது, உலோகம் தேடும் கருவி கொண்டுவரக் கூடாது, கேட்க வேண்டிய அலுவலகம் இன்னது என்று போன் எண்ணோடு போட்டிருக்கிறது. அங்கிருந்தே போலீஸ் நிலையத்துக்குப் போய்விட்டேன்.

இப்போது அங்கே வேலி போட்டுவிட்டார்கள். டெரிக்கையும் பிடித்துவிட்டார்கள். கிளப்பில் என்னைக் காட்டிக்கொடுத்தவன் என்கிறார்கள். வழக்கு உண்டு. உங்களுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

நெவில் ஸ்கெல்டன்


லான்கோய்த்
14 அக்டோபர் 1996

திரு. ஸ்கெல்டன்,

ஹார்ல்பிக்குப் போய்விட்டு வந்தேன். விமானப்படைக் குழுவும் மரண விசாரணை அதிகாரியின் ஆட்களும் தோண்டினார்கள். ஒரு மடக்கு நாற்காலி போட்டு என்னை உட்காரவைத்தார்கள். கடைசி நாள் மதியம் அந்தக் குழுவின் தலைவி, ஸ்காட்லாந்துப் பெண், கையுறையைக் கழற்றிவிட்டு என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்த விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"வாலுப் பகுதி களிமண்ணுல ஆழமாப் புதைஞ்சு போயிருந்துச்சும்மா. அங்க ஒருத்தர் இருந்தாரு. பின்பக்கத் துப்பாக்கிக்காரர். பூட்ஸுக்குள்ள நம்பர் எழுதியிருக்கு, சந்தேகமே இல்ல" என்றாள்.

"எங்கண்ணன்?" என்றேன்.

"அவர் முன்னாடி உட்கார்ந்திருந்தவர். அந்தப் பகுதி மேலாப்புல மணல்ல கெடந்திருக்கு. அதை ஏற்கெனவே கிளறிட்டாங்க. எது எங்க கெடந்துச்சுன்னு இனிமே யாராலயும் சொல்ல முடியாது. சலிச்சுப் பார்த்தாச்சு. ஒண்ணும் இல்லம்மா."

சங்கிலியை மட்டும் எனக்குத் திருப்பிக் கொடுத்தார்கள், முறைப்படி கையெழுத்து வாங்கிக்கொண்டு.

கிடைத்தவர் பெயர் கிளாரன்ஸ் ஹெப்பிள். வடக்கே நார்த்தம்பர்லாந்துக்காரர். அவருக்கு ஒரு மகள் இருக்கிறாளாம். அவருக்குக் கிடைக்கப்போகிற கல்லறையை நினைத்து நான் சந்தோஷப்பட வேண்டும். முடியவில்லை.

ஐர்லிஸ் ப்ரோசர்


கெய்ன்ஸ்தோர்ப்
8 நவம்பர் 1996

மிஸ் ப்ரோசர்,

போன வாரம் தீர்ப்பு வந்தது. அபராதம். கருவியைத் திருப்பித் தரமாட்டார்கள். கிளப்பில் பெயரை நீக்கிவிட்டார்கள். அதெல்லாம் உங்களுக்கு வேண்டாத செய்தி.

அந்த மணலில் ஐம்பது வருடம் எதுவும் தங்காது என்று வழக்கில் ஒரு நிபுணரே சொன்னார். நான் போயிருக்காவிட்டாலும் மேல்பகுதியில் ஒன்றும் கிடைத்திருக்காது என்றார். உங்களுக்கு எழுத வேண்டும் என்று அன்றே பேனாவை எடுத்தேன். பிறகு வைத்துவிட்டேன். ஏனென்றால் அது எனக்குப் போதவில்லை.

நான் குழியிலிருந்து மண்ணை வாளியில் அள்ளி வீட்டுக்குக் கொண்டுவருவது வழக்கம். கொட்டகையில் உட்கார்ந்து சலிப்பேன். சிறிய சாமான் தப்பாமல் இருக்க. சலித்த மண்ணைப் பின்புறத்தில் அவரைப் பாத்தியில் கொட்டிவிடுவேன். ஹார்ல்பியில் தோண்டிய குழுவிடம் இதைச் சொன்னேன். மறுநாள் வெள்ளை உடுப்புப் போட்டுக்கொண்டு வந்து பாத்தியை அடியோடு அள்ளிப் பைகளில் கட்டிக்கொண்டு போனார்கள். டோரின் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த வருடம் அந்த அவரைக்காயை நாங்கள் சாப்பிட்டிருக்கிறோம்.

அந்த மண்ணிலும் ஒன்றும் கிடைக்கவில்லை என்று எழுதினார்கள்.

உங்களிடம் மன்னிப்புக் கேட்கலாமா என்று தெரியவில்லை. நீங்கள் கொடுக்கமாட்டீர்கள் என்பது தெரியும். இனி ஒருவன் ஹார்ல்பியில் மண்வெட்டியோடு நின்றால் அவன் கையைப் பிடித்துப் பலகைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்துவேன். அவ்வளவுதான் என்னால் ஆகும்.

நெவில் ஸ்கெல்டன்


லான்கோய்த்
26 பிப்ரவரி 1997

திரு. ஸ்கெல்டன்,

அவரைப் பாத்தியைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். அந்தக் கடிதத்தை நெருப்பில் போட எடுத்தேன், போடவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள்.

போன வெள்ளிக்கிழமை கிளாரன்ஸ் ஹெப்பிளை அடக்கம் செய்தார்கள். வடக்கே அவருடைய சொந்த ஊரில், கடல் தெரியும் கல்லறைத் தோட்டத்தில். காற்றில் பாதிரியாரின் அங்கி தலைக்கு மேல் பறந்தது. நான் போயிருந்தேன். என் அண்ணனோடு கடைசியாக இருந்தவர் அவர், அண்ணனுக்கு இதைவிட நெருக்கமாக இனி என்னால் போக முடியாது.

அவருடைய மகள் தெல்மா பிறக்கும் முன்பே அவர் போய்விட்டார். மீன் கடை வைத்திருக்கிறாள். பெரிய உடம்பு, பெரிய குரல். என்னைப் பார்த்ததும் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு டீயும் இறைச்சி சாண்ட்விச்சும் வைத்திருந்த கூடத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

"மொதல்ல கண்டுபிடிச்சது யாருக்கா? அமைச்சகத்துல பேரு சொல்லமாட்டேங்கிறாங்க. எங்கப்பாவுக்கு இன்னைக்கு ஒரு கல்லு இருக்குன்னா அந்த ஆளாலதான். நான் அவரைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லணும்."

"எனக்குத் தெரியாதும்மா" என்றேன்.

ரயிலில் வரும் வழியெல்லாம் எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. என் அண்ணனைக் கிளறி எடுத்த அதே மண்வெட்டிக்கு அவள் நன்றி சொல்லப் போகிறாள். அதை என்னால் பொறுக்க முடியாது என்றுதான் பொய் சொன்னேன். வீட்டுக்கு வந்தும் அந்தப் பொய் என்னை விடவில்லை. உங்கள்மேல் இரக்கம் வந்து அல்ல. அவளுடைய நன்றி அவளுடையது. அவளைக் கேட்காமல் அதை எடுத்து ஒளித்துவைக்க நான் யார்?

அவளுடைய முகவரியை இதோடு வைத்திருக்கிறேன். உங்கள் பெயரை நான் அவளிடம் சொல்லப்போவதில்லை. எழுதுவதும் எழுதாமல் இருப்பதும் உங்கள் விருப்பம். எழுதினால் எல்லாவற்றையும் எழுதுங்கள். பலகையை, ஸ்பூன் பெட்டியை, வாளியை, எம்ரிஸை. அதற்கப்புறமும் அவள் நன்றி சொன்னால் வாங்கிக்கொள்ளுங்கள்.

எனக்கு இனி எழுத வேண்டாம்.

ஐர்லிஸ் ப்ரோசர்